வீட்டுக்குள் குச்சி வைத்து வேர் பிடிக்க வைப்பது: பெங்களூரு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் தோட்டம் போட ஒரு சாண் மண் கிடையாது. இருப்பது பால்கனியும் ஜன்னல் திண்டும்தான். ஆனாலும் ஊருக்குப் போய்வரும் ஒவ்வொருவர் பையிலும் ஏதாவது ஒரு குச்சி வந்துவிடுகிறது. அது வாடத் தொடங்கியதும் என்னிடம் கேள்வியும் வந்துவிடும். கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

குச்சியை எந்த இடத்துல வெட்டணும் அக்கா? சும்மா ஒடிச்சு வெச்சா வராதா?

ஒடித்தால் தண்டு நசுங்கும், நார் கிழியும். அந்த நசுங்கல்தான் முதலில் அழுகும். புது பிளேடோ கூரான கத்தரியோ எடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஒரு கணுவுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் முடிச்சுதான் கணு. பெரும்பாலான செடிகளில் வேர் அங்கேதான் சுலபமாகக் கிளம்பும். நான்கைந்து அங்குல நீளமும் மூன்று கணுவும் இருந்தால் போதும். நீளக் குச்சி வைத்தால் சீக்கிரம் பெரிய செடியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளம் கூடக்கூட வாடுவதும் கூடும், அவ்வளவுதான்.

துளசி, புதினா, கோலியஸ் போன்றவற்றில் நுனித் தண்டே நல்லது. செம்பருத்தி, ரோஜா, மல்லி என்றால் பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய பகுதியை எடுங்கள். ரொம்பப் பிஞ்சாக இருந்தால் துவண்டுவிடும், ரொம்ப முற்றினால் வேர் வர நாளாகும். மண்ணுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ போகும் பகுதியில் இலை இருக்கக்கூடாது. மேலே இரண்டு மூன்று இலை மட்டும் இருக்கட்டும். பூமொட்டு இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். தாய்ச்செடிக்கு முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, காலையில் வெயில் ஏறும் முன் வெட்டினால் குச்சிக்குள் நீர் நிறைந்திருக்கும்.

தினமும் தண்ணி ஊத்தறேன், அப்படியும் இலை தொங்கிப்போகுது. இன்னும் ஊத்தணுமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால் கீழே உள்ளதில் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும்.

வேர் இல்லாத குச்சியால், வெட்டுவாய் வழியாகக் கொஞ்சம்தான் தண்ணீர் இழுக்க முடியும். இலையோ நாள் முழுக்க ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவைவிடச் செலவு அதிகமாகும்போது இலை வாடுகிறது. அதைப் பார்த்து நாம் மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால், மண்ணின் இடுக்குகளில் இருக்க வேண்டிய காற்றை விரட்டிவிட்டுத் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். புது வேர் உருவாக ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காத ஈரத்தில் பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த அழுகல் கிருமிகள்தான் செழிக்கும். தண்டின் அடி கறுக்கும். மேலே தாகம், கீழே மூச்சுத்திணறல்.

வேண்டியது நேர்மாறு. இலையைச் சுற்றிக் காற்றில் ஈரம் இருக்கட்டும், அடியில் ஊடகம், அதாவது குச்சியை நடும் கலவை, லேசான நனைப்போடு காற்றோட்டமாக இருக்கட்டும். இலை வாடினால் கையில் எடுக்க வேண்டியது மூடி, சொம்பு இல்லை.

மூடின்னா என்ன? பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள புழுங்கிடாதா?

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, கப்பின் மேல் கவிழ்த்தால் அதுதான் மூடி. ஸ்வீட் கடையில் தரும் ஒளி ஊடுருவும் டப்பாவும் ஆகும். பாலிதீன் கவர் என்றால் இரண்டு ஈர்க்குச்சி குத்தி, கவர் இலையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்துங்கள். இலை பெரிதாக இருந்தால் குறுக்கே பாதியாக வெட்டிவிடலாம். ஈரம் போகும் பரப்பு குறையும், மிச்சம் இருக்கும் பாதி உணவு தயாரித்துக்கொண்டிருக்கும்.

தினமும் ஒருமுறை, பத்து நிமிடம் திறந்து வையுங்கள். பாட்டில் மூடி என்றால் அதன் திருகை மட்டும் கழற்றினாலே போதும். உள்பக்கம் லேசாகப் பனி படிந்திருந்தால் சரியான அளவு. துளித்துளியாக வடிந்தால் ஈரம் அதிகம், கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள். மூடி போட்டதை நேர் வெயிலில் மட்டும் வைக்கவே கூடாது. சிறிது நேரத்திலேயே உள்ளே சூடு ஏறிக் குச்சி வெந்துவிடும். அப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

தண்ணியில வைக்கறதா, மண்ணுல வைக்கறதா? எது பெஸ்ட்?

செடியைப் பொறுத்தது. மணிபிளான்ட், சிங்கோனியம், கோலியஸ், துளசி, புதினா, ட்ராடெஸ்கான்ஷியா எல்லாம் தண்ணீரில் ஜோராக வேர்விடும். செம்பருத்தி, மல்லி, ரோஜா, குரோட்டன் போன்ற கட்டைத் தண்டுகள் ஊடகத்தில்தான் நிதானமாக வரும். தண்ணீரில் அவை அழுகும் வாய்ப்பு அதிகம். சாறு நிறைந்த சக்குலன்ட் வகைகளைப் பொதுவாகத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீரில் வைப்பதன் பெரிய லாபம், நடப்பது கண்ணுக்குத் தெரியும். நஷ்டம் என்னவென்றால், தண்ணீரில் வளரும் வேர் மெல்லியது, மண்ணுக்கு மாறும்போது திணறும். அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க மாற்றுங்கள். நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். ஒரு கணு மட்டும் மூழ்கினால் போதும், கழுத்து வரை முக்க வேண்டாம். பாட்டில் பழுப்பு நிறமாகவோ, வெளியே காகிதம் சுற்றியோ இருந்தால் பாசி பிடிக்காது.

எங்க ஏரியாவுல போர் தண்ணி. காவிரி தண்ணி எப்பவாவதுதான் வரும். எதை ஊத்தறது?

நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். பக்கெட்டிலும் கீசரிலும் படியும் வெள்ளைப் படலமே சாட்சி. குச்சிக்குத் தேவைப்படுவது ஒரு டம்ளர் தண்ணீர்தான் என்பதால், குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையோ மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவு நீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். காவிரி தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கோகோபீட் மட்டும் போதுமா? செம்மண் கலக்க வேண்டாமா? ஊர்ல எல்லாம் செம்மண்தானே?

ஊரில் குச்சியைத் தரையில் நடுகிறோம். தரையில் ஊற்றும் தண்ணீர் கீழே இறங்க இடம் இருக்கிறது. சின்னக் கப்பில் செம்மண் களிபோல இறுகி, காற்றை அடைத்துவிடும். வேர் வரும் வரை செம்மண் வேண்டாம், உரமும் வேண்டாம். வேரே இல்லாத குச்சிக்கு உரம் போட்டால் வெட்டுவாய்தான் புண்ணாகும்.

எனக்குப் பிடித்த கலவை கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைப் பருக்கை ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் பருமணல். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். அதில் கல்மாவு அதிகம் இருக்கும், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, தங்கும் பருக்கைகளை மட்டும் எடுங்கள். கோகோபீட் கட்டியையும் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். தேங்காய் மட்டையிலிருந்து வருவதால் அதில் உப்பு இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கட்டிகளில் "உப்பு நீக்கியது" என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை அலசுவது நல்லது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. விரலிடுக்கில் ஒழுகினால் அதிகம். கப் சின்னதாகவே இருக்கட்டும். டீக்கடைக் காகிதக் கப்பைவிடக் கொஞ்சம் பெரிது போதும், அடியில் நான்கு ஓட்டை. பெரிய தொட்டியில் ஒற்றைக் குச்சி வைத்தால் சுற்றியுள்ள ஊடகம் நாள் கணக்கில் காயாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கப் என்றால் இன்னொரு வசதி உண்டு, கீழே சொல்கிறேன்.

எந்த மாசம் வெச்சா நல்லா பிடிக்கும்? சென்னையில அம்மா எப்ப வெச்சாலும் வந்துடுது!

சென்னையில் கடற்காற்றின் ஈரமும் ராத்திரி வெதுவெதுப்பும் இலவசம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை பகல் காற்று ரொம்பவே வறட்சி. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் அம்மா சொல்லும் முறை தப்பில்லை, ஊர்தான் வேறு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே அருமையான காலம். பகல் 27, 28 டிகிரி, காற்றில் ஈரம், வெயில் கடுமை இல்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது குச்சிக்கும் பொருந்தும். மல்லி, செம்பருத்தி, ரோஜா போன்ற நாள் எடுக்கும் செடிகளை இந்த நான்கு மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள். மணிபிளான்ட், துளசி போன்றவற்றை எப்போதும் செய்யலாம். கோடையில் மூடி கட்டாயம், குளிரில் அடிச்சூடு கட்டாயம்.

மார்கழியில வெச்ச குச்சி அப்படியே நிக்குது. சாகவும் இல்ல, வளரவும் இல்ல. என்ன பண்ணலாம்?

அடி குளிர்ந்துபோயிருக்கிறது. வேர் முளைக்க ஊடகத்தின் சூடு 21 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. மொசைக் தரையிலோ கிரானைட் திண்டிலோ வைத்த கப், அறைக் காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

முதல் வேலை, அடியில் ஒரு தெர்மாகோல் துண்டு. இரண்டாவது, வீட்டில் எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பழைய மாடல் ஃபிரிட்ஜின் தலை, வைஃபை ரவுட்டர் இருக்கும் அலமாரிக்கு மேல்தட்டு, இப்படி. தண்ணீர் சிந்தாத தட்டு வைத்துக்கொள்ளுங்கள், தட்டு இல்லாமல் மின்சாதனத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். அங்கே வெளிச்சம் இல்லையென்றால் ஒரு வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஓரடி உயரத்தில் தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள். விதை முளைக்க விற்கும் சூட்டு விரிப்பும் கிடைக்கிறது. அடிக்கடி செய்கிறவர்களுக்கு அது நல்ல முதலீடு.

எந்தப் பக்கத்து ஜன்னல்?

கிழக்கு ஜன்னல் சிறந்தது. வடக்கும் பரவாயில்லை. மேற்கு, தெற்கு என்றால் மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால். விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற வெளிச்சம் வேண்டும்.

எத்தனை நாள் காத்திருக்கணும்? லேசா பிடுங்கிப் பாக்கலாமா?

துளசி, கோலியஸ், புதினா: ஏழு முதல் பத்து நாள். மணிபிளான்ட்: ஒன்றிரண்டு வாரம். செம்பருத்தி, மல்லி, குரோட்டன்: நான்கு முதல் ஆறு வாரம். ரோஜா: நான்கு முதல் எட்டு வாரம். காகிதப்பூ இரண்டு மாதத்துக்கு மேலும் இழுக்கும். இது நல்ல பருவத்துக் கணக்கு, குளிரில் இன்னும் தள்ளும்.

பிடுங்கிப் பார்க்கவே கூடாது. முதலில் வரும் வேர் நூலைவிட மெலிதாக, கண்ணாடிபோல உடையும் தன்மையோடு இருக்கும். ஒருமுறை அசைத்தால் அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஒளி ஊடுருவும் கப் சொன்னேனே, அது இதற்காகத்தான். வேர் ஓரத்துக்கு வந்ததும் வெளியிலிருந்தே தெரியும். வெளிச்சம் படாமலிருக்க அதை இன்னொரு காகிதக் கப்புக்குள் செருகி வைத்து, பார்க்கும்போது மட்டும் தூக்கிப் பாருங்கள். அது இல்லையென்றால், மேலே சொன்ன நாள் கழிந்தபின் இலையை இரு விரலால் பிடித்து மிக லேசாக இழுங்கள். எதிர்ப்பு தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது.

துளிர் விட்டுச்சு, எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன். ரெண்டு வாரத்துல காஞ்சு போச்சு. என்ன தப்பு?

துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், முக்கியமாக ரோஜாவிலும் செம்பருத்தியிலும். தண்டுக்குள் ஏற்கெனவே சேமித்த மாவுச்சத்தை வைத்தே குச்சி மொட்டை விரித்துவிடும். வேர் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்தால் துளிர் கருகும்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், துளிரைப் பார்த்த சந்தோஷத்தில் மூடியைக் கழற்றி வெயிலுக்குக் கொண்டுபோகிறோம். செய்ய வேண்டாம். துளிர் வந்தபிறகும் மூடி, நிழல், லேசான ஈரம் எல்லாம் அப்படியே தொடரட்டும். வேர் தெரிந்தபின், அல்லது இழுத்தால் எதிர்ப்பு தெரிந்தபின் மட்டுமே அடுத்த கட்டம்.

தண்ணிக்குள்ள இருக்கற தண்டுல வெள்ளை வெள்ளையா பொரி மாதிரி வருது. பூஞ்சையா?

பெரும்பாலும் இல்லை. தண்டு மூச்சுவிடும் துளைகள் தண்ணீருக்குள் வீங்கி வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தொட்டால் கெட்டியாக, தண்டோடு ஒட்டியிருக்கும். விட்டுவிடுங்கள். மணிபிளான்டில் கணுவில் பழுப்பாக ஒரு மொட்டைக் குமிழ் இருக்கும். அது காற்றுவேரின் முனை, தண்ணீர் பட்டதும் அங்கிருந்துதான் வேர் நீளும். அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

பஞ்சுபோல இருந்து, தொட்டால் வழுவழுவென்று விரலோடு வந்து, தண்ணீர் நாறினால் அதுதான் அழுகல்.

அடி கறுத்துப்போச்சு. காப்பாத்த முடியுமா, தூக்கிப் போட்டுடலாமா?

மேலே பச்சை இருக்கும்வரை முயலலாம். கறுப்புக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, வெட்டுவாயை உற்றுப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் அழுகல் உள்ளே ஏறியிருக்கிறது, இன்னும் மேலே வெட்டுங்கள். முழுக்க வெள்ளையாக அல்லது பச்சையாக வரும் வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடையுங்கள். பிறகு ஒரு மணி நேரம் நிழலில் உலரவிட்டு, புது ஊடகத்தில், கழுவிய கப்பில் வையுங்கள். பழைய கோகோபீட்டை மறுபடி குச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம், வளர்ந்த செடிகளின் தொட்டியிலும் சேர்க்க வேண்டாம். ஒரே டம்ளரில் பல குச்சி வைத்திருந்தால் மற்றவற்றையும் கழுவித் தனித்தனியாகப் பிரியுங்கள்.

ரூட்டிங் பவுடர் அவசியமா? எந்த அளவு வாங்கணும்?

மணிபிளான்ட், துளசி, கற்பூரவல்லிக்கு அது வீண்செலவு. கட்டைத் தண்டுகளுக்கு உண்மையாகவே உதவும். அந்தப் பவுடரில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ. செடியிலேயே ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியில் உருவாகி அடியை நோக்கி இறங்குகிறது. வெட்டியபின் அது அடியில் தேங்குவதால்தான் அங்கே வேர் கிளம்புகிறது. பவுடர் அதற்குக் கூடுதல் பலம். தலைகீழாக நட்ட குச்சி வேர்விடத் திணறுவதும் இதனால்தான். எனவே வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டிவிடுங்கள், இலை உதிர்ந்த குச்சியிலும் எது தலை என்று குழப்பம் வராது.

டப்பாவில் அளவு போட்டிருக்கும். மென்தண்டுக்கு 0.1 சதவீதம், செம்பருத்தி, மல்லி போன்ற பாதி முற்றிய தண்டுக்கு 0.3, நன்கு முற்றிய கட்டைக்கு 0.8. அதிகம் போட்டால் அதிக வேர் என்பது கிடையாது, அளவு மீறினால் வேர் தடைபடும், தண்டு கருகும். டப்பாவுக்குள் குச்சியை முக்காமல், கொஞ்சம் காகிதத்தில் கொட்டி, அடியை ஒற்றி, அதிகத்தைத் தட்டிவிடுங்கள். ஊடகத்தில் முதலில் பென்சிலால் குழி போட்டு அதில் இறக்குங்கள். நேராகக் குத்தினால் பவுடர் மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். மிச்சத்தை வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பவுடருக்குப் பதிலா தேன், பட்டை, இளநீர், கற்றாழை, உருளைக்கிழங்கு... வீடியோல எல்லாம் காட்டறாங்களே?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பட்டைத்தூளுக்குப் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும் குணம் உண்டு. தேனுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. இரண்டிலும் வேர்விட வைக்கும் ஹார்மோன் கிடையாது. பட்டைத்தூளை வெட்டுவாயில் லேசாகத் தொட்டு வைப்பதில் தப்பில்லை. தேனைத் தண்ணீரில் கலந்தால் சர்க்கரை கரைந்து, நாம் விரட்ட நினைத்த கிருமிகளுக்கே உணவாகும்.

இளநீர் விஷயம் சுவாரசியமானது. செடித் திசுக்களை ஆய்வகத்தில் வளர்ப்பவர்கள் 1940களிலிருந்தே இளநீரைப் பயன்படுத்துகிறார்கள். 1941இல் ஓவர்பீக் என்ற அறிஞர் ஊமத்தையின் இளம் கருக்களை வளர்க்க அதைச் சேர்த்தார். ஆனால் இளநீரில் சிறப்பாக இருப்பது சைட்டோகைனின், அது துளிரைத் தூண்டும் வகை. அளவு கூடினால் வேரைத் தடுக்கவும் செய்யும். ஆய்வகத்தில் கிருமி நீக்கிய குடுவைக்குள் செய்வதைச் சமையலறை டம்ளரில் செய்தால் இரண்டாம் நாளே புளித்துவிடும். இளநீரை நீங்கள் குடியுங்கள்.

ரோஜாக் குச்சியை உருளைக்கிழங்கில் குத்தி மண்ணில் புதைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத முறை. கிழங்கு தருவது ஈரம் மட்டும்தான். மண்ணுக்குள் அது அழுகும்போது பக்கத்தில் இருக்கும் தண்டையும் இழுத்துக்கொண்டு போகும். கற்றாழைச் சாறு தடவுவதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் முதல் மூன்று கேள்விகளில் சொன்னதைச் சரியாகச் செய்தாலே அது தேவைப்படாது.

மதுரையிலிருந்து மல்லிக் குச்சி கொண்டு வரணும். ராத்திரி பஸ். வாடாம எப்படி?

கிளம்பும் அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் வெட்டச் சொல்லுங்கள். காலை என்று முன்பு சொன்னது உடனே நடுவதற்கு. பயணம் ராத்திரி என்றால் வெட்டியபின் கழியும் நேரம் குறைய வேண்டும். மேல் இரண்டு ஜோடி தவிர மற்ற இலைகளைக் கிள்ளி, அடியில் ஈரத்துணியோ நனைத்துப் பிழிந்த செய்தித்தாளோ சுற்றி, முழுக்க வாழைப்பட்டையில் மடித்து நாரால் கட்டுங்கள். பூக்கடைக்காரர்கள் பூவைக் காப்பாற்றுவது இப்படித்தான், குச்சிக்கும் அதுவே உத்தமம். பட்டை கிடைக்காவிட்டால் பாலிதீன் கவர். உள்ளே தண்ணீர் தேங்கக்கூடாது. பை காலடியில் இருக்கட்டும், எஞ்சின் சூடு படும் பக்கம் வேண்டாம்.

வந்து இறங்கியதும் அடியை அரை அங்குலம் புதிதாக வெட்டி, இரண்டு மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் நிறுத்தி, பிறகு நடுங்கள். இலையின் அடியிலும் கணு இடுக்கிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு மட்டும் மற்ற செடிகள் பக்கம் கொண்டுபோங்கள். மல்லிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஊரில் தாய்ச்செடியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவை மண்ணில் புதைத்துப் பதியம் போடச் சொல்லிவிட்டு, அடுத்த முறை போகும்போது வேரோடு கொண்டுவாருங்கள். வாய்ப்பு இருக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கல்யாண பொக்கே ரோஜாவை நட்டா வருமா?

எப்போதாவது வரும், நம்பிக்கை வைக்க வேண்டாம். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளர்ந்து, குளிர்ப்பெட்டியில் இருந்து, பொக்கேயில் நாள் கழித்த தண்டில் கையிருப்புச் சத்து குறைவு. இந்த வகைகள் பெரும்பாலும் வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுப்போட்டு வளர்க்கப்படுபவை. சொந்த வேரில் வந்தாலும் நம் பால்கனியில் நோஞ்சானாகவே நிற்கும். ரோஜாதான் வேண்டுமென்றால் பன்னீர் ரோஜாக் குச்சி கேட்டு வாங்குங்கள். வாசமும் உண்டு, பிடிக்கவும் பிடிக்கும்.

கறிவேப்பிலை குச்சி எத்தனை தடவை வெச்சும் வரலை. ரகசியம் என்ன?

ரகசியம் இல்லை, அது குச்சியில் வரத் தயங்கும் மரம். கடையில் வாங்கும் கொத்தில் இருப்பது பெரும்பாலும் இலையின் நடுக்காம்புதான், தண்டு இல்லை. அதில் கணு கிடையாது, செடியாகவே ஆகாது. முதிர்ந்த மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு பெயர்த்து எடுப்பது நல்ல வழி. இல்லையென்றால் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதையுங்கள். அந்த விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழந்துவிடும், காயவைத்து எடுத்து வைக்கக்கூடாது.

மான்ஸ்டெரா இலை மட்டும் கிடைச்சது. தண்ணியில வேர்கூட வந்துடுச்சு, ஆனா மாசக்கணக்கா புது இலையே இல்ல?

வராது. முதல் பதிலில் சொன்ன கணுவில்தான் புதுக் கிளைக்கான மொட்டு இருக்கிறது. இலையும் காம்பும் மட்டும் இருந்தால் உயிரோடு இருக்கும், வேர்கூட விடலாம், செடியாகாது. மணிபிளான்டுக்கும் இதே கதைதான். ஹோயாவின் ஒற்றை இலை தொட்டியில் விற்பார்களே, அதிலும் காம்போடு தண்டுத்துண்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இலையிலிருந்தே முழுச் செடியாகிறவையும் உண்டு. ரெக்ஸ் பிகோனியா, ஆப்பிரிக்கன் வயலட், ஸ்னேக் பிளான்ட், இசட்-இசட். கடைசியாகச் சொன்னது மண்ணுக்குள் முதலில் கிழங்கு கட்டும், பிறகுதான் துளிர், பல மாதம் ஆகும். ஸ்னேக் பிளான்டில் மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலைத்துண்டாக வைத்தால் குட்டி முழுப்பச்சையாகத்தான் பிறக்கும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி.

ரப்பர் செடி வெட்டினா பால் ஒழுகுது. சக்குலன்டை எல்லாம் காயவைக்கணும்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ரப்பர் செடியின் பாலைக் கழுவி, அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி, துடைத்துவிட்டு உடனே நடலாம். பால் தோலில் அரிக்கும், கண்ணில் படக்கூடாது, கையுறை போடுங்கள். சக்குலன்ட், கள்ளி வகைகளை வெட்டியபின் நிழலில் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை காயவைத்து, வெட்டுவாய் தோல்போலக் காய்ந்தபின் காய்ந்த கலவையில் நடுங்கள். இவற்றுக்கு மூடியும் கூடாது.

மணிபிளான்டை திருடி வெச்சாதான் வளரும்னு பாட்டி சொல்றாங்க. கேட்டு வாங்கினா வராதாமே?

கேட்டு வாங்கியது இன்னும் நன்றாக வரும். திருடும்போது அவசரமாக, கிடைத்த இடத்தில் ஒடிப்போம். கேட்டால் அவர்களே நல்ல கணுவாகப் பார்த்து வெட்டித் தருவார்கள், செடியின் பழக்கமும் சொல்வார்கள். லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் ஒரு இலைகூடக் கிள்ளாதீர்கள். அது எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் அடுக்குமாடித் தோட்டக்காரர் என்றைக்குக் கவாத்து செய்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குப்பைக்குப் போகிற நல்ல குச்சிகள் சாக்குக் கணக்கில் கிடைக்கும்.

கப்பைச் சுத்தி குட்டிக் குட்டியா கொசு பறக்குது. கடிக்குமா?

கடிக்காது. எப்போதும் ஈரமாக இருக்கும் கோகோபீட்டில் முட்டையிடும் பூஞ்சைக் கொசு அது. புழுக்கள் மெல்லிய புது வேரைத் தின்னும் என்பதால் அலட்சியம் வேண்டாம். ஊடகத்தின் மேல் அரை அங்குலம் காயவிட்டு, அதன் மேல் அலசிய மணலைப் பரப்புங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைப் பக்கத்தில் குத்தி வையுங்கள். அதிகமாகிவிட்டால் உங்கள் கை தண்ணீர் விஷயத்தில் தாராளம் என்று அர்த்தம், இரண்டாவது கேள்வியை மறுபடி படியுங்கள்.

வேர் நல்லா வந்துச்சு. தொட்டிக்கு மாத்தினதும் வாடுது. இப்ப என்ன?

வேர் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். தண்ணீரில் சாமரம்போல வளரட்டும் என்று விட்டால் மாற்றம் இன்னும் கடினமாகும். மாற்றிய முதல் பத்து நாள் மண் சற்று அதிக ஈரமாகவே இருக்கட்டும். தண்ணீரில் பிறந்த வேர் சட்டென்று காய்ந்த மண்ணில் உறிஞ்சாது. புது வேர்மயிர்கள் முளைக்கும்வரை அதற்கு இந்தச் சலுகை வேண்டும். கழற்றிய மூடியை மறுபடி போடுங்கள். வாடியது இரண்டு நாளில் நிமிரும்.

பிறகு மூடியை நிதானமாகப் பழக்கிவிடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் திறப்பு, அடுத்த நாள் இரண்டு, இப்படி ஒரு வாரத்தில் முழுக்க எடுத்துவிடலாம். வெயிலையும் அதேபோல இளங்காலை வெயிலிலிருந்து தொடங்குங்கள். தொட்டி, வேர்ப்பந்தைவிட இரண்டு அங்குலம் அகலம் இருந்தால் போதும். இந்தக் கட்டத்தில் செம்மண், மண்புழு உரம் எல்லாம் கலக்கலாம். திரவ உரம் போடுவதென்றால் புது இலை இரண்டு முழுதாக விரிந்தபின், டப்பாவில் சொன்னதில் கால் பங்கு அளவில் தொடங்குங்கள்.